ஏற்காட்டை நடந்து பாருங்கள்: கல்லறை, குருசடி, சேர்வராயன் குகை

ஏற்காட்டுக்குக் காரில் ஏறி, ஏரியில் ஒரு சுற்று படகு, லேடீஸ் சீட்டில் நாலு போட்டோ, பகோடா பாயின்ட்டில் மிளகாய் பஜ்ஜி, இருட்டுவதற்குள் 20 கொண்டை ஊசி வளைவையும் இறங்கி வீட்டுக்கு வந்துவிடுவது என்று பழகிப்போன சேலத்துக்காரர்களுக்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன். அடுத்த முறை போகும்போது வண்டியை ஒண்டிக்கடை பக்கம் எங்காவது ஓரங்கட்டிவிட்டு நடங்கள். ஒரு முழு நாள் நடங்கள், முடிந்தால் ராத்திரி தங்கி மறுநாளும் நடங்கள். இந்த மலையின் கதை முழுக்க அதன் சின்னச் சின்ன வழிபாட்டு இடங்களில்தான் கிடக்கிறது. மேட்டில் இருக்கும் பழைய சர்ச், காபித் தோட்டத்து ஓரம் நிற்கும் குருசடி என்கிற குட்டிச் சிலுவைக் கோயில், உச்சியில் குனிந்து நுழைய வேண்டிய சேர்வராயன் குகை. மூன்றையும் காலால் நடந்து, ஒன்றுக்கு அடுத்து ஒன்றாகப் பார்த்தால்தான் இந்த மலையில் யாருடைய பெயர் எங்கே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது, யாருடைய பெயர் எழுதப்படவே இல்லை என்பது பிடிபடும்.

என்னோடு வந்தது கல்லூரித் தோழி. அவளுடைய அப்பா வழியில் மூன்று தலைமுறை ஏற்காட்டு எஸ்டேட்டில் உழைத்தவர்கள், லைன் வீடு என்கிற வரிசைத் தொழிலாளர் குடியிருப்பில் பிறந்து லைன் வீட்டிலேயே கண்ணை மூடியவர்கள், அவள் அப்பாதான் முதன்முதலாக மலையிறங்கி சேலத்தில் வேலைக்குச் சேர்ந்தார். நான் அம்மாப்பேட்டைக்காரி. மொட்டை மாடியில் துணி காயப்போடும்போதெல்லாம் வடக்கே இந்த மலைதான் தெரியும், மழைக்காலத்தில் அதன் தலை காணாமல் போய்விடும், ராத்திரியில் மலைச்சாலையில் வண்டி விளக்குகள் ஊர்ந்து ஏறுவது தெரியும். அவளுக்கு இது தாத்தா ஊர், எனக்கு இது தினமும் கண்ணெதிரே நிற்கிற மலை. நாங்கள் போனது தை மாதம். பழம் பறிப்பு நடந்துகொண்டிருந்தது, வழியெல்லாம் உலர்களத்தில் காபியைக் கொட்டிப் பரப்பி வைத்திருந்தார்கள், அந்தப் புளித்த வாசனை ரோடு வரைக்கும் வந்தது.

ஏற்காட்டின் வரலாறு என்று எங்கே தேடினாலும் கலெக்டர் காக்பர்ன் பெயரில்தான் தொடங்கும். 1820 முதல் 1829 வரை சேலத்தில் கலெக்டராக இருந்தவர். அரேபியக் காபியை இந்த மலையில் நட்டுப் பார்த்தது அவர்தான், பேரிக்காய், ஆப்பிள் எல்லாம் அவர் காலத்தில் வந்ததாகத்தான் சொல்கிறார்கள். கிரேஞ்ச் எஸ்டேட்டின் பெயர் இன்றைக்கும் அவரோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. கிட்டத்தட்ட அதே வருடங்களில்தான் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரியில் ஏறி, 1822-இல் ஊட்டியில் தன் கல் பங்களாவைக் கட்ட ஆரம்பித்தார். இரண்டு கலெக்டர்கள், இரண்டு மலைகள். ஊட்டிக்கு அப்புறம் கவர்னரும் அரசாங்க அலுவலகங்களும் குதிரைப் பந்தயமும் வந்தன, மதராஸ் அரசாங்கத்தின் கோடைத் தலைநகரமாகவே ஆகிவிட்டது. ஏற்காடு தோட்டக்காரர்களின் ஊராகவே நின்றுவிட்டது. 'ஏழைகளின் ஊட்டி' என்று சொல்வதை நான் ரசிப்பதில்லை. இந்த ஊருக்கென்று தனியாக ஒரு கதை இருக்கிறது, அதை இன்னொரு ஊரை வைத்து அளக்க வேண்டியதில்லை.

ஏரிக்கரையிலிருந்து கொஞ்சம் மேடேறி ஹோலி டிரினிட்டி சர்ச்சுக்குப் போனோம். இப்போது தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தது, வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் தங்களுக்காகக் கட்டிக்கொண்ட ஆங்கிலிக்கன் கோயில். அளவில் ரொம்பச் சின்னது. ஒரு ஊர் முழுக்க வந்து உட்கார வேண்டும் என்று கட்டப்பட்டதாகத் தெரியாது, பத்து இருபது பங்களாக் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை குதிரையில் வந்து கூடிக் கலைவதற்குப் போதுமான அளவு. காலை வெயில் பக்கவாட்டு ஜன்னல் வழியாக பெஞ்சுகளின் மேல் விழுந்து கிடந்தது, உள்ளே மெழுகும் பழைய மரமும் கலந்த வாசனை.

ஆனால் நான் அதிக நேரம் நின்றது கல்லறைகளில்தான். தோட்டக்காரர்கள், அவர்கள் மனைவிமார், குழந்தைகள். குழந்தைக் கல்லறைகள் மனதை என்னவோ செய்யும். ஒன்று என் கை நீளம்கூட இருக்காது. எழுத்து வெட்டின பள்ளம் முழுக்கப் பாசி ஏறி, கல்லும் எழுத்தும் ஒரே பச்சையாகக் கிடந்தது. தோழி தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து, விரல் நுனியால் மெதுவாகத் தடவினாள். பெயரின் கடைசி இரண்டு எழுத்து வந்தது, அதற்குக் கீழே 'மாதங்கள்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் முழுசாகத் தெளிந்து வந்தது, எத்தனை மாதம் என்கிற எண் இருக்க வேண்டிய இடத்தில் கல் வழவழவென்று தேய்ந்திருந்தது. அந்தக் காலத்தில் மலையடிவாரக் காய்ச்சல் என்றால் எல்லோருக்கும் பயம். மலைமேல் குளிர் நல்லது என்று குடும்பத்தை ஏற்றி வைத்தவர்கள், அடிவாரக் காட்டைத் தாண்டி வரும்போதே கொசுக்கடியில் மலேரியாவை வாங்கிக்கொண்டு வந்தார்கள். இவர்கள் ஆண்டவர்கள், நிலத்தை எடுத்துக்கொண்டவர்கள் என்பதெல்லாம் உண்மைதான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் அந்தச் சின்னக் கல் முன்னால் நிற்கும்போது அதையெல்லாம் நினைக்கத் தோன்றவில்லை.

இந்த மலையின் பாறை சார்னோகைட் வகை என்று நிலவியல்காரர்கள் சொல்வார்கள். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்கிற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் கல்லறைக் கல் இந்த வகைப் பாறை, அது நம் மதராஸ் பக்கத்துப் பல்லாவரத்திலிருந்து போனது, அதைப் பார்த்துத்தான் தாமஸ் ஹாலண்ட் இந்தப் பாறைக்கே அந்தப் பெயரை வைத்தார். ஒரு வெள்ளைக்காரரின் கல்லறையால் பெயர் பெற்ற பாறைமேல், வேறு வெள்ளைக்காரர்களின் கல்லறைகள்.

சரி, இத்தனை கல்லிலும் பங்களாவில் இருந்தவர்களின் பெயர்தான் இருக்கிறது. காட்டை வெட்டிக் குழி போட்டு நாற்று நட்டவர்கள் எங்கே? தோழி கேட்டது இது. அவள் கேட்டதில் கோபம் இல்லை, தன் வீட்டு ஆட்களைத் தேடுகிற குரலில்தான் கேட்டாள். அன்றைக்கு முழுவதும் நாங்கள் நடந்தது இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான்.

திரு இருதய ஆலயம், அதையொட்டிக் கன்னியர் மடத்துப் பள்ளி, 1917-இல் புனித கபிரியேல் சபைச் சகோதரர்கள் தொடங்கிய மான்ஃபோர்ட் பள்ளி, சலேசிய சபையின் ரிட்ரீட் என்கிற துறவியர் இல்லம் என்று ஏற்காட்டில் கத்தோலிக்க நிறுவனங்களுக்குக் குறைவே இல்லை. வெளியூரிலிருந்து வருகிற பலருக்கு ஏற்காடு என்றாலே இந்தப் பள்ளிகள்தான். இவற்றை நாங்கள் வெளியே நின்றுதான் பார்த்தோம், பள்ளி நேரத்தில் உள்ளே போய் நிற்பது சரியில்லை. கத்தோலிக்க சமயம் சேலம் பக்கம் வந்த கதை இதையெல்லாம்விட ரொம்பப் பழையது. தத்துவ போதகர் என்று அழைக்கப்பட்ட ராபர்ட் தெ நொபிலி 1623-இல் மதுரையிலிருந்து கிளம்பி, சேந்தமங்கலம் வழியாகச் சேலம் வந்து சேர்ந்தவர். மலைமேல் அது ஏறியது காபியோடுதான். கீழே இருந்து வேலைக்கு ஏறி வந்த கூலிக் குடும்பங்களில் பல கிறிஸ்தவக் குடும்பங்கள் இருந்தன, அவர்களுக்குப் பூசை வைக்க, ஞானஸ்நானம் கொடுக்க, அடக்கம் செய்ய பாரிஸ் மறைபரப்புச் சபையின் பிரெஞ்சுச் சாமியார்கள் ஏறி இறங்கினார்கள். 1930-இல் சேலம் தனி மறைமாவட்டம் ஆனபோது முதல் ஆயரும் அந்தச் சபையைச் சேர்ந்த ஹென்றி ப்ரூனியே என்கிற பிரெஞ்சுக்காரர்தான்.

ஆனால் என்னைக் கேட்டால் பெரிய ஆலயத்தைவிடக் குருசடிகளைத் தேடிப் போங்கள். மெயின் ரோட்டை விட்டு எஸ்டேட் மண்பாதையில் இறங்கினால், சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி சுற்றி ஏறியிருக்கும், கீழே காபிச் செடி தோள் உயரத்துக்கு நிற்கும், அதன் நடுவே திடீரென்று ஒரு சின்ன மேடு, மேட்டின் மேல் சுண்ணாம்பு அடித்த ஒரு குட்டிக் கட்டடம், ஒரு சிலுவை. சிலதில் அந்தோணியார், சிலதில் மாதா. நாங்கள் போனது தோழியின் தாத்தா கங்காணியாக, அதாவது கூலியாட்களின் மேஸ்திரியாக இருந்த தோட்டத்தில் இருக்கிறது, வாசலில் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போனோம். இரண்டு பேர் முழங்காலில் நின்றால் மூன்றாவது ஆள் வெளியேதான் நிற்க வேண்டும், அவ்வளவுதான் இடம். கண்ணாடிப் பெட்டிக்குள் மாதா சுரூபம், மூக்கு நுனியில் வர்ணம் போயிருந்தது, கழுத்தில் பிளாஸ்டிக் மணி மாலை, அதற்கு மேல் அன்றைக்குப் பறித்த செவ்வந்தி. தரையில் உருகிக் காய்ந்த மெழுகு அடுக்கடுக்காக ஏறி, ஒரு விரற்கடை கனத்துக்குக் கெட்டியாகியிருந்தது. பீடத்தின் ஓரத்தில் ஒரு சின்ன எவர்சில்வர் தட்டில் நாலைந்து காபிப் பழம் வைத்திருந்தார்கள், அந்த வருடத்து முதல் பறிப்பு.

மெழுகைச் சுரண்டிச் சுத்தம் செய்துகொண்டிருந்த ஒரு பாட்டி எங்களைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

"யாரு கண்ணு நீங்க, எந்த ஊட்டுப் புள்ளைங்க?"

"மேல் லைன்ல கங்காணி இருந்தாரில்லைங்க ஆயா, அவரு பேத்தி நான்."

"அட என் சாமி, அந்த ஊட்டுப் பேத்தியா நீயி! உங்க தாத்தன்தான் கண்ணு இந்தக் கல்லையெல்லாம் ஆள் சேத்துத் தலைச்சுமையாத் தூக்கியாந்தது. ஞாயித்துக்கிழமைதான் லீவு, அன்னிக்கு ஒக்காராம இந்த வேலை பாத்தாங்க."

அப்புறம் அவரை நிறுத்த முடியவில்லை, நாங்களும் நிறுத்தவில்லை. சாமியார் மாதத்துக்கு ஒருமுறைதான் வருவாராம், மற்ற ஞாயிற்றுக்கிழமையெல்லாம் சாமியாருக்குப் பதிலாக ஜெபம் நடத்தும் உபதேசியாரை வைத்து ஜெபம், அவரும் இல்லாவிட்டால் பெண்கள் கூடி ஜெபமாலை. தவக்காலத்தில் வெள்ளிக்கிழமைதோறும் வேலை முடிந்து, கையைக் காலைக் கழுவிக்கொண்டு, லைன் வீட்டிலிருந்து இந்த மேடு வரைக்கும் சிலுவைப்பாதை. இயேசு சிலுவை சுமந்த வழியை நினைக்கும் 14 நிலைக்கும் 14 மரத்தில் சிலுவை கட்டி வைத்திருப்பார்களாம், காபி பூத்திருக்கும் சமயம் என்பதால் வழி முழுக்க வெள்ளையாக இருக்கும், "மல்லி வாசம் மாதிரி தூக்கும் கண்ணு, ஜெபம் சொல்ற வாயில தானா பாட்டு வந்துரும்" என்றார். பெரிய வெள்ளிக்கிழமை மட்டும் எல்லா எஸ்டேட் ஆட்களும் பெரிய கோயிலுக்கு நடந்துபோய்விடுவார்களாம். கீழ் எஸ்டேட்டுகளிலிருந்து விடிவதற்கு முன்னால் கிளம்பினால்தான் நேரத்துக்குப் போய்ச் சேர முடியும்.

லைன் ஆட்களின் கல்லறை எங்கே என்று கேட்டோம். கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். ஒரு சரிவு, நாலைந்து சிமென்ட் சிலுவைகள், மிச்சமெல்லாம் மண்மேடு, சிலதன்மேல் ஒரு கருங்கல் நட்டிருந்தது, எழுத்து எதுவும் கிடையாது. ஆனால் அவர் ஒவ்வொன்றாக விரல் நீட்டி, இது இன்னார், இது அவர் சம்சாரம், இது மரம் விழுந்து போன பையன் என்று சொல்லிக்கொண்டே நடந்தார். காலையில் பார்த்த கல்லறையில் எழுத்து இருந்தது, ஆனால் அதைச் சொல்ல ஆள் இல்லை. இங்கே எழுத்து இல்லை, சொல்ல ஒரே ஒரு ஆள் இருக்கிறார். அவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது.

திரும்பும் வழியில் தோழி ஒரு விஷயம் சொன்னாள், எனக்கு அது ரொம்ப முக்கியமாகப் பட்டது. அவள் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம் பேசினபோது ஞானஸ்நானச் சான்று எடுக்கப் பங்கு அலுவலகத்துக்குப் போயிருக்கிறாள். கோயிலில் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றுக்கும் தனித்தனிப் பதிவேடு உண்டு, கத்தோலிக்கர்களுக்குத் தெரியும். சாமியார் நல்ல மனசோடு பழைய நோட்டையும் எடுத்துக் காட்டியிருக்கிறார். பதிவு லத்தீனில், பேனா மை பழுப்பேறி, ஊர்ப் பெயரையும் ஆள் பெயரையும் பிரெஞ்சுச் சாமியார் தன் காதில் விழுந்தபடி எழுதியிருந்தாராம். அதில் அவளுடைய தாத்தாவின் அப்பா இருந்தார். பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர், ஞானப்பெற்றோர் பெயர். எந்தக் கல்லிலும் இல்லாத அந்த மனிதர் ஒரு வரியில் உட்கார்ந்திருந்தார். எஸ்டேட்டில் அவருக்கு இருந்தது செக்ரோல் என்கிற கூலி நோட்டில் ஒரு பேர், அன்றைய கூலிக்கு ஒரு கோடு, அந்த நோட்டெல்லாம் எப்போதோ போயிருக்கும். கோயில் நோட்டுதான் தப்பித்திருக்கிறது. இந்த மலையின் உண்மையான சரித்திரத்தை யாராவது எழுதுவதாக இருந்தால் கிரேஞ்ச் பங்களாவை விட்டுவிட்டு இந்தப் பதிவேடுகளில் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம்.

சாயங்காலம் லேடீஸ் சீட். கூட்டம்தான், ஆனாலும் வானம் தெளிவாக இருந்தால் போகாமல் இருக்காதீர்கள். கீழே சேலம் முழுக்கக் கிடக்கும். மலையடியில் வெள்ளை வெள்ளையாகத் தெரிவது மாக்னசைட் என்கிற வெள்ளைக் கனிமம் வெட்டிய இடம், வெள்ளைக்காரர்கள் சாக் ஹில்ஸ் என்று எழுதி வைத்தது. தூரத்தில் கஞ்சமலை, பழைய காலத்தில் இரும்பு உருக்கிய மலை, சித்தர் கோயில் இருக்கிற மலை. அதற்கும் அப்பால் 1934-இல் கட்டி முடித்த மேட்டூர் அணையின் நீர், வெயில் சாயும்போது ஒரு கீற்றாக மின்னும். 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து இந்தச் சமவெளி கம்பெனி கைக்குப் போனபோது, அலெக்சாண்டர் ரீட் நிர்வாகத்துக்கு வந்தார், அவருக்கு உதவியாளர் தாமஸ் மன்றோ. ஒவ்வொரு விவசாயியிடமும் நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறையை அவர்கள் வளர்த்தெடுத்தது இங்கே தெரிகிற இந்த நிலங்களை அளந்துதான். நிலத்தை அளந்தவர்கள் அப்புறம் மலையையும் அளந்தார்கள்.

மறுநாள் விடியற்காலையிலேயே சேர்வராயன் கோயிலுக்குக் கிளம்பினோம். டவுனிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் இருக்கும், ஏற்றம் ஒன்றும் பயங்கரம் இல்லை, மூச்சு வாங்கினால் நின்று நின்று போகலாம். 5326 அடி உயரம் என்று சொல்வார்கள், இந்த மலைக்கூட்டத்துக்கே பெயர் கொடுத்த சாமி. மேலே போனால் கூரான சிகரம் எதுவும் இருக்காது, பரந்த மேட்டுத்தளம், புல், ஓயாத காற்று. காலுக்குக் கீழே செம்மண் நிறத்தில் கெட்டியாக இருக்கிறதே, அதில் அலுமினியம் எடுக்கும் பாக்சைட் இருக்கிறது. இந்த மலையின் மேல்தளங்களில் வெட்டிய பாக்சைட்தான் மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போனது. வெட்டின இடங்களைப் பார்த்தால் மலையின் தலையைச் செதுக்கி எடுத்தது நன்றாகவே தெரியும். சாமி இருக்கிற மலை என்று ஒரு பக்கம் கும்பிட்டுக்கொண்டே இன்னொரு பக்கம் இதையும் நாம் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறோம் என்பது எனக்கு வருத்தமாக இருந்தது.

இந்தச் சாமி மலையாளி மக்களுடைய சாமி. கேரளாவுக்கும் இவர்களுக்கும் சம்பந்தம் கிடையாது, பேசுவது தமிழ், இந்த மலையின் பழங்குடிகள். தமிழ்நாட்டின் 234 சட்டமன்றத் தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கியது இரண்டே இரண்டு, ஏற்காடும் சேந்தமங்கலமும். இரண்டும் இவர்கள் வாழும் மலைகளை ஒட்டியவை. காபி வருவதற்கு முன்னால் இந்தச் சரிவுகளில் சாமையும் கேழ்வரகும் விளைவித்தவர்கள். பட்டக்காரர், ஊர்க்கவுண்டர் என்று தங்களுக்குள்ளேயே முறை வைத்து ஊர் நடத்தியவர்கள். ஊருக்கு ஊர் கோயில் காடு விட்டு வைத்திருக்கிறார்கள், அதில் கத்தி படக்கூடாது.

குகைக்குள் நுழைய இடுப்பை வளைக்க வேண்டும். உள்ளே இன்னும் தாழ்வு, நிமிர்ந்தால் தலை பாறையில் இடிக்கும். விளக்கு எண்ணெயும் புகையும் சேர்ந்து மேல்பாறை கறுத்துப் பளபளவென்று இருந்தது, அதில் ஒரு இடத்தில் நீர் கசிந்து துளித் துளியாகக் கட்டி நின்றது. சேர்வராயனும் பக்கத்தில் காவேரி அம்மனும். இந்தக் குகைக்கு அடியாழத்தில் வழி இருக்கிறது, அது காவிரி வரைக்கும் போகிறது என்பது நம்பிக்கை. முந்தின சாயங்காலம் தூரத்தில் மின்னின அந்த நீரை நினைத்துக்கொண்டேன். மலைமேல் நின்று மேற்கே பார்த்துக்கொண்டே வாழ்ந்தவர்கள், கண்ணுக்குத் தெரிந்த ஆற்றைத் தங்கள் சாமிக்குத் துணையாகக் கூட்டிவந்து வைத்துக்கொண்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. மே மாதத் திருவிழாவுக்கு மலையூர்களிலிருந்தெல்லாம் ஜனம் கூடும், அப்போது இந்த மேட்டில் கால் வைக்க இடம் இருக்காது.

வெளியே வந்து, கோயில் ஓரமாகத் துண்டை விரித்து வெயில் காய்ந்துகொண்டிருந்த ஒரு பெரியவரிடம் உட்கார்ந்தோம். மலையூர்க்காரர். தோழிதான் பேச்சைத் தொடங்கினாள்.

"உங்க முன்னோருங்க எங்கிருந்துங்க ஐயா வந்தாங்க?"

"காஞ்சிபுரத்துல இருந்து வந்தாங்கன்னு சொல்லுவாங்க தாயி. அண்ணன் தம்பி மூணு பேரு. பெரியண்ணன் இந்த மலைக்கு வந்தாரு, நடுவண்ணன் பச்சைமலைக்குப் போனாரு, சின்னண்ணன் கொல்லிமலை. நாங்க பெரியண்ணன் வழி."

"எப்பங்க ஐயா, எத்தனை வருசம் இருக்கும்?"

"அதெப்படித் தாயி சொல்றது. பாட்டுல வருசம் வராது, பேருதான் வரும்."

இதை அவர் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். நூறு வருஷத்துக்கு முன்னால் வெள்ளைக்கார அதிகாரிகள் குறித்து வைத்ததும் ஏறக்குறைய இதே கதைதான், மூன்று அண்ணன் தம்பி, மூன்று மலை. அத்தனை தலைமுறையாகத் தாளில் எழுதாமலே ஒன்றை ஒரே மாதிரி கொண்டுவந்திருக்கிறார்கள். அதை நாம் 'வாய்வழிக் கதை' என்று ஒரு வார்த்தையில் ஒதுக்கிவிட்டு, ஏற்காடு 1820-இல் பிறந்தது என்கிறோம். காக்பர்ன் ஏறி வந்த பாதையே இவர்கள் கால் போட்ட பாதையாகத்தான் இருந்திருக்க வேண்டும், காட்டில் வேறு யார் வழி வைத்திருக்கப் போகிறார்கள்? பகோடா பாயின்ட்டில் பழங்குடியினர் பகோடா கோபுரம் மாதிரி அடுக்கிய கல் குவியல்களைப் பார்த்துத்தான் அந்த இடத்துக்கே வெள்ளைக்காரர் பெயர் வைத்தார்கள். இன்றைக்கு அங்கே பஜ்ஜிக் கடைக்கும் ராமர் கோயிலுக்கும் நடுவில் எத்தனை பேர் அந்தக் கற்களை நின்று பார்க்கிறார்கள்?

ஏரிக்கரையில் ஊர் வரலாறு என்று ஒரு பலகை வைப்பதாக இருந்தால், அதில் முதல் வரி சேர்வராயன் மலையின் மலையாளி மக்களைப் பற்றி இருக்க வேண்டும். இரண்டாவது, காபிக் காட்டை உண்டாக்கிய கூலிக் குடும்பங்கள். கலெக்டர் அதற்கப்புறம் வரட்டும், அவருக்கு உரிய இடம் அதுதான்.

நடக்க விரும்புகிறவர்களுக்குச் சில விஷயங்கள். முதல் நாள் ஏரி, சர்ச், கல்லறை, திரு இருதய ஆலயம், சாயங்காலம் லேடீஸ் சீட், இரண்டாம் நாள் காலை சேர்வராயன் கோயில் என்று வைத்துக்கொண்டால் கால் தாங்கும். எஸ்டேட்டுகள் தனியார் நிலம், கேட்டில் சொல்லிவிட்டுத்தான் நுழைய வேண்டும், பறிப்பு நேரத்தில் பழத்தைத் தொடக்கூடாது. காட்டெருமை நடமாட்டம் இருக்கிறது, அதனால் இருட்டில் மண்பாதை வேண்டாம், பகலிலும் எதிரே நின்றால் நீங்கள்தான் ஒதுங்க வேண்டும். கல்லறை எழுத்தைப் படிக்க வெறும் தண்ணீரும் விரலும் போதும், கம்பி பிரஷ், சோப்பு, ஆசிட் எதுவும் வேண்டாம், பாசி போகும்போது எழுத்தும் சேர்ந்து போய்விடும். குகைக்குள் போட்டோ எடுக்காதீர்கள், கேட்டால் விடுவார்களோ என்னவோ, நான் கேட்கவில்லை, கேட்கத் தோன்றவும் இல்லை.

தோழியும் நானும் நவம்பர் 2-ஆம் தேதி, கல்லறைத் திருநாளுக்குத் திரும்பப் போகிறோம். அன்றைக்கு எல்லாக் குடும்பமும் வந்து மண்மேட்டைச் சீர்செய்து, பூப்போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள், மலையிறங்கிப் போனவர்களும் அன்றைக்கு மட்டும் ஏறி வருவார்கள். அந்தப் பாட்டியைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு மேடாகப் போய், அவர் சொல்லச் சொல்ல எழுதி, சரிவைத் தாளில் வரைந்து, எது யாருடையது என்று குறித்துக்கொள்வதாகத் திட்டம். வந்திருக்கும் குடும்பங்களிடமும் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம். சாமியார் சம்மதித்தால் அடக்கப் பதிவேட்டோடும் ஒப்பிட வேண்டும். லத்தீன் கொஞ்சமாவது படிக்கத் தெரிந்தவர்கள், அல்லது ஏற்காட்டு எஸ்டேட்டில் தாத்தா பாட்டி வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் அன்றைக்கு வாருங்கள், காலையில் ஒண்டிக்கடையில் டீ குடித்துவிட்டுச் சேர்ந்தே போகலாம்.